எண்ணெய் செத்துப்போச்சு!

தேங்காயெண்ணெய் கல்லாய் உறையும் என்று மட்டக்களப்பில் ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், நம்பவே நம்பாது. மார்கழி மழைக்கு எப்போதாவது கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். பண்டாரவளையில் விடிந்த முதல் காலை, பிள்ளைகளுக்குத் தலைவாரலாம் என்று போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டியாக நிற்கிறது. சின்னவன் அதைப் பறித்துக்கொண்டு அறை அறையாக ஓடினான். "எண்ணெய் செத்துப்போச்சு! எண்ணெய் செத்துப்போச்சு!" வெப்பம் 24 பாகை அளவுக்கு இறங்கினாலே தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கிவிடும் என்று அவனைப் பிடித்து நிறுத்திச் சொல்லலாம்தான். யார் கேட்பது? அன்று காலை முழுக்க அவன் போத்தலை அக்குளில் வைத்து அடைகாத்தான்.

மலைநாட்டுப் பயணம் என்றால் நமக்கு வட்ஸ்அப்பில் வருவது என்ன? ஒன்பது வளைவுப் பாலம், தேயிலைச் சரிவு, ஒரே நிறத்தில் சுவெட்டர் போட்ட குடும்பம், எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு ஒரு நிமிடம் முன்னாலும் ஒரு நிமிடம் பின்னாலும் என்ன நடந்தது என்று யாரும் போடுவதில்லை. நான் போடப்போகிறேன். சத்திப் பையிலிருந்து வேகாத பருப்பு வரைக்கும் ஒளிவுமறைவு கிடையாது, வாருங்கள்!

முதலில் வீடு. வெளிநாட்டுப் படங்களில் காட்டுக்குள் மரவீடு எடுத்துத் தங்குவார்களே, அது எல்ல பக்கம் இப்போது நிறையவே வந்துவிட்டது. கண்ணாடிச் சுவர், மரப்படி, வாசலில் ஊஞ்சல். பிள்ளை குட்டியோடு போகிற உத்தியோகக் குடும்பத்துக்கு வாடகையைக் கேட்டவுடனேயே குளிர் எடுக்கும். நமக்கென்று இருப்பது சேர்க்கிட் பங்களா. வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிமார் ஊர் ஊராய்ச் சுற்றிவரும்போது தங்கக் கட்டிய வீடுகள், இன்று திணைக்களத்து ஆட்கள் லீவுக்குத் தங்கும் இடம். பண்டாரவளை, தியத்தலாவை, நுவரெலியா என்று நல்ல நல்ல இடங்களில் இருக்கும். பிடிப்பதுதான் கஷ்டம். விண்ணப்பம் போட வேண்டும், கொழும்பில் ஒரு தெரிந்த ஆள் வேண்டும், பள்ளி விடுமுறையும் போயா தினமும் சனி ஞாயிறும் ஒட்டி வர வேண்டும். மட்டக்களப்பில் அரசாங்க உத்தியோகத்தர் உள்ள குடும்பங்கள் நிறைய. ஆகையால் கலியாண வீட்டில் சம்பந்தி விசாரிப்பதைப் போல, "உங்கட டிப்பார்ட்மென்ட்டுக்குப் பங்களா இருக்கா?" என்று விசாரிப்பதும் நடக்கும்.

ஏன் இந்தப் பாடு? கச்சான் காற்று! ஆனி, ஆடியில் வாவிக்கரையில் இருந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மேற்கேயிருந்து அடிக்கும். கடற்காற்றையே ஊருக்குள் வரவிடாமல் தடுத்து நிறுத்திவிடும். சில நாட்களில் வெப்பம் 38 பாகையைத் தொடப் பார்க்கும். புளியந்தீவில் நாலு பக்கமும் தண்ணீர் இருந்தும் வியர்த்து வடியும்.

இனித்தான் கூத்து. அந்தக் காற்று சூடாவது எங்கே தெரியுமா? நாம் தப்பி ஓடுகிற அதே மலையில்தான்! தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மலையின் மேற்குப் பக்கத்தில் ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்க்கும். பிறகு வெறுங்கையோடு கிழக்குச் சரிவில் இறங்கும். ஈரம் போன காற்று ஒவ்வொரு 1,000 மீற்றர் இறங்கும்போதும் 10 பாகை அளவுக்குச் சூடாகும். செங்கலடிக்கு வந்து சேரும்போது நம்மைச் சுடத் தயாராக வரும். ஆக, நம் வேனும் கச்சானும் எதிரெதிரே பயணம் செய்கிறோம். இதை மூத்தவளுக்குச் சொன்னபோது வேன் யன்னலைத் திறந்து காற்றைப் பார்த்துக் கத்தினாள்: "நீ அங்க போ, நாங்க இஞ்சால போறம்!"

மூட்டை கட்டும் காட்சியை நீட்டமாட்டேன். சுவெட்டர் நம் வீட்டில் ஏது? கனடாவில் இருக்கும் சித்தி அனுப்பிப் பெட்டியடியில் கிடந்ததும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதும், அம்மம்மாவின் பழைய சால்வையும்தான். கொத்தமல்லி, இஞ்சி, பிள்ளைகளின் காய்ச்சல் பாணி, சித்தாலேப எல்லாம் தனிப் பை. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மாமி எட்டிப் பார்த்து, "புள்ளைகளுக்குச் சளி பிடிச்சா என்ன கா செய்வீங்க?" என்றார். சளி பிடிக்காமல் மலைநாடு போய்வந்த பிள்ளை உண்டா? அது பயணச் செலவில் சேர்த்தி.

உண்மையான முக்கியப் பொருள் ரெஜிபோம் பெட்டி. மட்டக்களப்பான் எந்த ஊருக்குப் போனாலும் மீனை விட்டுவிட்டுப் போகமாட்டான். ஐஸ் போட்டு இறால், நண்டு, நாலு துண்டு பாரை. இன்னொரு பையில் கருவாடு. அது நமக்கில்லை, பங்களா வாச்சருக்கு. காசைவிடக் கருவாட்டுக்கு மதிப்பு. மேலே போனால் புரியும்.

செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பினால் ஏ5 வீதி. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக நம் வாசலில் வந்து முடிகிற 272 கிலோமீற்றர் வீதி. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் சுமார் 150. சண்டைக் காலத்தில் இந்தப் பாதையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயணம் போவதென்று யாராவது சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்போம். இன்று கரடியனாறு, புல்லுமலை என்று படுவான்கரை வெள்ளாமை வயல்களைத் தாண்டி வேன் ஓடுகிறது, பின்சீட்டில் ஒருவன் முறுக்கு கேட்டு அழுகிறான். பொழுது சாய்ந்தால் யானை வரும் பாதை. அதனால் விடிந்த கையோடு புறப்பட வேண்டும்.

மகா ஓயா, பதியத்தலாவ, பிபிலை வரைக்கும் தரை. பிபிலையில் தோடம்பழம் வாங்காமல் போகாதீர்கள். அந்த ஊர்த் தோடைக்கு ஒரு பேர் உண்டு, அதைவிட முக்கியம் அதன் தோல். லுணுகலையில் வளைவுகள் தொடங்கியதும் தோலைப் பிதுக்கி மூக்கில் பிடித்தால் வயிற்றுப் பிரட்டலுக்குத் தைரியம். தைரியம்தான், மருந்தில்லை. எங்கள் வேனில் லுணுகலை தாண்டியதும் முதலில் சத்தியெடுத்தது பிள்ளைகள் இல்லை, அவர்களின் அப்பா! சொப்பிங் பேக்கை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டுத் தயாராக வைத்திருந்தவர் அவரேதான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சாரதி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்த பாதை இது. ஒவ்வொரு வளைவிலும் கோன் அடித்து மெதுவாகத்தான் எடுப்பார். அந்த மெதுவுக்கு நான் எவ்வளவும் கொடுப்பேன்.

பசறை வந்ததும் பின்சீட்டிலிருந்து ஒரு கீச்சுக்குரல்: "அம்மா, முறுக்குப் பைக்கற் வெடிக்கப்போகுது!" பார்த்தால், பையில் இருந்த எல்லாப் பைக்கற்றும் ஊதிப் புடைத்து நிற்கிறது. மேலே காற்றழுத்தம் குறைவு. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்குச் சற்று மேலே. நம் ஊரோடு ஒப்பிட்டால் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு அங்கே இல்லை. கடற்கரையில் அடைத்த காற்று பைக்கற்றுக்குள் இருந்து தள்ளும். காதும் அதே காரணத்தால்தான் அடைக்கிறது. ஆளுக்கொரு டொபி கொடுத்தேன். விழுங்க விழுங்கக் காது திறக்கும். அன்றிலிருந்து சின்னவனுக்குக் காது அடைத்துக்கொண்டேதான் இருக்கிறது.

பங்களா! சிவப்பு ஓட்டுக் கூரை, நீண்ட விறாந்தை, நடுவீட்டில் நெருப்பு மூட்டும் கணப்பு. "வீட்டுக்குள்ள நெருப்பு வைக்கலாமா?" என்று வாயைப் பிளந்தார்கள். எங்கள் ஊரில் நெருப்பும் புகையும் நுளம்பை விரட்டத்தான். ஆனால் அவர்களை உண்மையில் கலக்கியது வேறு. மூத்தவள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து காதுக்குள் சொன்னாள்: "அம்மா, இந்த வீட்டில ஃபேன் இல்ல." பிறந்த நாளிலிருந்து மின்விசிறிச் சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள்! அன்றிரவு இரண்டு கம்பளிக்குள் கிடந்தும் தூக்கம் வரவில்லை, சத்தம் இல்லையாம். கடைசியில் கைபேசியில் மின்விசிறி ஓடும் சத்தத்தைத் தேடிப் போட்டுத்தான் தூங்க வைத்தோம். மலைக்காற்று வெளியே, மட்டக்களப்பு ஃபேன் உள்ளே. இதையெல்லாம் யார் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள்?

அடுத்த அதிசயம் பந்து. நம் ஊர் தட்டை. எழுவான்கரையில் பந்தை உருட்டினால் போகும், நிற்கும், எடுத்துக்கொள்ளலாம். சரிவு என்றால் என்னவென்று இந்தப் பிள்ளைகளின் கால்களுக்குத் தெரியாது. முற்றத்தில் முதல் பந்தை அடித்தான் சின்னவன். அது படியில் குதித்தது, பாதையில் ஓடியது, தேயிலைக்குள் புகுந்தது, இன்னும் ஓடுகிறதோ என்னவோ! ஓடுகிற பந்தைப் பார்த்து, "நில்லு! நில்லு!" என்று அவன் கட்டளையிட்டது எங்கள் வீட்டில் இன்றும் நாடகமாக நடிக்கப்படுகிறது. கொண்டுபோன பந்துகளில் ஒன்றும் திரும்பவில்லை. நாடு பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். பிள்ளைகள் பார்த்தது சரிவையும் குளிரையும்தான், காட்சியை ஒருவரும் கேட்கவில்லை. நான் அவர்கள் கட்சி.

சமையலறைக்கு வாருங்கள், அங்கேதான் பெரியவர்களின் சண்டை. அம்மம்மா பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வழக்கமான நேரத்தில் மூடியைத் திறந்தார். வேகவில்லை. இன்னும் கொஞ்சம் விறகு. வேகவில்லை. "இது கள்ளப் பருப்பு, மனே!" என்று கடைக்காரனில் குற்றம் போட்டார். பாவம் கடைக்காரன். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் 100 பாகைக்கு முன்னமே, அந்த உயரத்தில் 96 அளவிலேயே, கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நாம் பார்த்துக்கொண்டு நிற்போம், பருப்புக்குச் சூடு போதாது. இரவு உறை போட்டு வைத்த பாலும் காலையில் பாலாகவே இருந்தது. சட்டித் தயிருக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்த மனுசிக்கு அது பெரிய மானக்கேடு. வாச்சர் ஐயா வந்து பார்த்து, "அடுப்பு மேடைல வையுங்கம்மா, இங்க அப்படித்தான்," என்று சட்டியைத் துணியில் சுற்றி அடுப்போரம் வைத்தார். மத்தியானம் தயிர்!

அவர் தோட்டத்து மனிதர். பிள்ளைகளைப் "பாப்பா" என்று கூப்பிடுவார், அதற்கே சின்னவனுக்குக் கோபம். ரெஜிபோம் பெட்டியைத் திறந்ததும் இறாலை ஒரு பார்வை, கருவாட்டை ஒரு நீண்ட பார்வை. பதிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது கிடாரம் நிறையச் சுடுதண்ணீர், விறகடுப்பில் சுட்ட ரொட்டி, லீக்ஸ் சுண்டல். பங்களாவில் சுடுதண்ணீர்க் குழாய் என்று ஒன்று இருந்தது, அது அலங்காரத்துக்கு. பிள்ளைகள் விறாந்தையில் நின்று வாளியிலிருந்து ஆவி பறக்கக் குளித்தார்கள். குளிக்கும்போது அழுகைச் சத்தம் வராமல் சிரிப்புச் சத்தம் வந்த ஒரே ஊர் அதுதான்.

அவர் வீடு பங்களாவுக்குக் கீழே லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, வெள்ளைக்காரன் கட்டிய அதே அளவு. 1823இல் தென்னிந்தியாவிலிருந்து வரத் தொடங்கியவர்களின் வரலாற்றுக்கு 2023இல் 200 ஆண்டு நிறைவை நாடு நினைவுகூர்ந்தது, காம்பரா பல இடங்களில் அப்படியே இருக்கிறது. மூத்தவள் அந்த வீட்டுப் பிள்ளையோடு கெந்தித் தொட்டு விளையாடிவிட்டு வந்து கேட்டாள்: "அவங்களுக்கு மட்டும் ஏன் சுவெட்டர் இல்ல?" பதில் சொல்லாமல் எங்கள் இரவல் சுவெட்டரில் ஒன்றை இறக்கிக் கொடுத்துச் சமாளித்தோம். கூலிக்கும் காணிக்கும் இத்தனை வருடமாகக் கேட்டு நிற்பவர்களுக்கு ஒரு பழைய சுவெட்டர் பதிலாகாது என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சுற்றிப் பார்த்தது என்றும் கொஞ்சம் உண்டு. தெமோதரை ரயில் நிலையத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, நிலையத்துக்கு அடியிலேயே உள்ள சுரங்கத்தால் போகிறது. பிள்ளைகள் பிளாட்பாரத்தில் குந்தி, காலுக்குக் கீழே ரயில் போகுமா என்று தரையில் காதை வைத்துக் கேட்டார்கள். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் பக்கத்தில்தான். உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக எழுப்பியது, 91 மீற்றர் நீளம். பெரியவர்கள் அங்கே படமெடுத்தோம். ஆம், சுவெட்டர்தான் இரவல், சிரிப்பு அதே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு இரண்டு டொபியும் ஒரு மிரட்டலும் செலவு. ரயில் நேரத்தை நிலையத்தில் முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள், சும்மா நின்று பிள்ளைகளைச் சமாளிப்பது லேசில்லை.

அப்புத்தளையில் அடிஷாம் பங்களா. தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931இல் இங்கிலாந்துக் கோட்டை மாதிரிக் கட்டிய கல்வீடு, இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். கோட்டை, புத்தக அலமாரி, ரோசாத் தோட்டம் எதுவும் எங்கள் ஆட்களுக்கு ஏறவில்லை. துறவிகள் விற்கும் ஜாம் போத்தல் ஏறியது! விரலைவிட்டு நக்கியபடியே லிப்டன் மலைமுனைக்குப் போகும் பாதையில் தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் வந்தார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அதன் மணத்தில் மூத்தவள் நின்றுவிட்டாள். "அம்மம்மாட முழங்கால் தைலம் மணக்குது!" சிரிக்க வேண்டாம், பிள்ளை சொன்னது சரி. ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு ஏறும் புகழ்பெற்ற மணத்தில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதுவே. அந்த மணத்தை இலையில் ஏற்றுவது எது? அந்த மாதங்களில் மலையிடுக்கால் வீசும் அதே காய்ந்த காற்று. மேலே தேயிலைக்கு வாசம், கீழே நமக்கு வியர்க்குரு!

ஒன்றைச் சீரியசாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். 2014 ஒக்ரோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா என்று மலைமாவட்டங்களைச் சரித்துப்போட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் பங்களா கையில் கிடைத்தாலும் வேண்டாம். காசு போனால் போகட்டும்.

இறக்கம் எப்போதும் சுருக்கம். பசறையில் தொப்பி கழன்றது, லுணுகலையில் சுவெட்டர், பிபிலையில் சட்டை. மகா ஓயாவில் வெந்நீரூற்றுக் கிணறுகளைக் காட்டலாம் என்று நிறுத்தினால், சூட்டிலிருந்து தப்பி இரண்டு நாள் ஆகாத பிள்ளைகள் கொதிக்கும் தண்ணீரை முறைத்துப் பார்த்தார்கள். "இதுக்கு நம்மட கிணறே போதும்," என்றான் சின்னவன். அந்தப் பக்கத்து ஆறுகள் முந்தனை ஆறாகச் சேர்ந்து நம் வாவிக்குத்தான் வருகின்றன என்று நான் தொடங்கினேன். அவன் தூங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து இறக்கியதில் கரட், லீக்ஸ், பீற்றூட் ஒரு மூட்டை. அது மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பங்கு பிரிந்துவிட்டது. சளி இரண்டு பேருக்கும். அடுத்த விடுமுறைக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. வாச்சர் ஐயாவிடமிருந்து நெத்தலிக் கருவாட்டுக்கு இப்போதே ஓடர் வந்திருக்கிறது.

சின்னவன் கொண்டுவந்தது ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல். பங்களா முற்றத்தில் மூடியை இறுக்கி அடைத்தது. செங்கலடி வந்து சேரும்போது அது யாரோ மிதித்த மாதிரி நசுங்கிக் கிடந்தது. "இதுக்குள்ள பண்டாரவளைக் காத்து இருக்கு மாமி," என்று பக்கத்து வீட்டாரிடம் காட்டினான். மாமி திறக்கச் சொன்னார். விடவேயில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம், வகுப்பில் ஆளுக்கொரு தரம் மணந்து பார்க்க விடுவானாம், திறக்கிறதுக்கு மட்டும் ரீச்சரைத்தான் விடுவானாம்.